சக்கரமும் திரையும் – 8: ரயர் தரையைத் தொடும் இடம்

கார்ப்பந்தய வீடியோ விளையாட்டுகளை ஆடுவோர் நெடுங்காலமாக இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு கட்சிக்குப் பிடித்தது ஆர்கேட் பாணி. அதிலே கார் பொத்தானை அழுத்தியதும் பறக்கும், வளைவில் அழகாக வழுக்கித் திரும்பும், சுவரில் மோதினாலும் அடுத்த நொடியே ஓடத் தொடங்கும். மற்றக் கட்சி சிமுலேசன் பக்கம். அதிலே பிறேக்கைச் சற்றுப் பிந்திப் பிடித்தாலே பத்து நிமிட உழைப்பு மணலுக்குள் போய்விடும். முன்னவர்கள் சிமுலேசனைத் தண்டனை என்கிறார்கள். பின்னவர்கள் ஆர்கேட்டைப் பொம்மை என்கிறார்கள். ஒன்று மெய்யைச் சொல்கிறது, மற்றது பொய்யைச் சொல்கிறது என்ற இந்தப் பிரிப்பு, விளையாட்டுகள் உருவான வரலாற்றோடு பொருந்தவில்லை என்பதே இந்தப் பகுதியில் நான் நிறுவ விரும்புவது. படம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது மெய்த்தன்மைக்கு அளவுகோல் ஆகாது. ஆடுவது எவ்வளவு கடினம் என்பதும் ஆகாது. உலகத்தில் ஒரு கார் எந்தக் காரணங்களால் திரும்புகிறதோ, நிற்கிறதோ, சறுக்குகிறதோ, அதே காரணங்களால்தான் திரையிலும் அவை நடக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்தக் காரணங்கள் எல்லாம் வந்து கூடுமிடம், ரயர் தரையைத் தொடுகின்ற உள்ளங்கை அளவு பரப்பு.

யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்த அதே 1974இல், அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘கிரான் ட்ராக் 10’ என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. ஸ்ரியரிங், கியர்த் தண்டு, அக்சிலேற்றர், பிறேக் எல்லாம் அந்தப் பெட்டியிலேயே இருந்தன. திரையோ கறுப்பு வெள்ளை. புள்ளிகளால் வரைந்த பாதையை வானத்திலிருந்து பார்ப்பதுபோலக் காட்டியது. கையிலும் காலிலும் இருந்தவை உண்மைக் காரின் உறுப்புகள். திரையில் இருந்தது வெறும் கோட்டுப்படம். இந்த முரண்பாடு முதற்பெட்டியிலேயே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். காசு போட்டவருக்கு ஒரு குறிப்பிட்ட நேரம் தரப்படும். அதற்குள் எத்தனை சுற்று ஓட முடியும் என்பதுதான் போட்டி.

அந்த நேரக் கட்டுப்பாட்டிலிருந்துதான் ஆர்கேட் பாணி முழுவதும் பிறந்தது. விளையாட்டுக்கூட முதலாளியின் கணக்கைப் பாருங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் அரை நிமிடத்திலேயே சுவை பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது நாணயம் விழாது. கைதேர்ந்தவரும் ஒரு நாணயத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடக் கூடாது. ஆகவே கார் எவருக்கும் பணிந்து ஓட வேண்டும், கடிகாரம் மட்டும் பகையாக இருக்க வேண்டும். ரூபவாஹினித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய 1982இல் யப்பானின் நம்கோ வெளியிட்ட ‘போல் பொசிசன்’ இந்தக் கணக்குக்கு மிகச் சிறந்த உதாரணம். யப்பானில் உண்மையாகவே இருக்கும் பூஜி பந்தயத் திடல்தான் அதன் பாதை. பந்தயத்துக்கு முன் தகுதிச் சுற்றும் உண்டு. வெளித்தோற்றத்தில் அது போர்மியூலா 1தான். ஆனால் அதன் கார், வளைவு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு வெளிப்புறம் தள்ளப்படும் ஒரு படம் மட்டுமே. 1986இல் சேகா நிறுவனத்துக்காக யூ சுசுகி செய்த ‘அவுட் ரன்’ இன்னும் அழகானது. அதன் பாதை கிடைக்கோட்டுத் துண்டுகளாக வெட்டி, பெரிதாக்கியும் சிறிதாக்கியும் அடுக்கப்பட்டது. கார் திரையின் நடுவிலேயே நிற்கும்; பாதைதான் அதன் கீழே வளைந்து வரும். சுசுகி அதைப் பந்தய விளையாட்டு என்று சொல்லவில்லை, கார் ஓட்டும் விளையாட்டு என்றே சொன்னார். அதற்காக ஐரோப்பாவுக்குப் போய்க் காரில் சுற்றிப் பாதைகளைப் பார்த்துவந்தார். கூரை திறந்த சிவப்புக் காரில் கடற்கரை ஓரமாகப் போகும் மகிழ்ச்சியைத் தர வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். அந்த நோக்கத்தில் அவர் பொய் சொல்லவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாணயப் பெட்டிதான் ஆர்கேட் பாணியைப் பெற்றதென்றால், நாணயப் பெட்டியில் வந்தவை எல்லாம் அந்தப் பாணியில்தானே இருந்திருக்க வேண்டும்? இல்லை. 1989இல் அட்டாரி கேம்ஸ் கொண்டுவந்த ‘ஹார்ட் டிரைவின்’ பெட்டியில் திறப்பைத் திருகித்தான் இயந்திரத்தை முடுக்க வேண்டும். கிளச் மிதித்துத்தான் கியர் மாற்ற வேண்டும். தவறினால் இயந்திரம் நின்றுபோகும். ஸ்ரியரிங் கையை எதிர்த்துத் தள்ளும். அதைச் செய்தவர்கள் காரின் இயக்கவியலை ஆராய்ந்த டக் மில்லிக்கன் என்பவரின் உதவியைப் பெற்றார்கள். அவருடைய தந்தை வில்லியம் மில்லிக்கனும் அவரும் 1995இல் வெளியிட்ட பந்தயக் கார் இயக்கவியல் நூல் இன்றும் பொறியியல் மாணவர்களின் கையில் இருக்கிறது. காரின் இயக்கத்தைச் சமன்பாடுகளால் கணக்கிட்ட முன்னோடி விளையாட்டுகளில் ஒன்று ஆர்கேட் கூடத்திலேயே நின்றது என்பது என் வாதத்தைப் பலவீனமாக்கவில்லை, தெளிவாக்குகிறது. இடம் பாணியைக் கட்டாயப்படுத்தவில்லை, வருமானம் ஒரு பக்கமாக இழுத்தது, அவ்வளவுதான். அந்த இழுப்பை எதிர்த்து ஒரு பெட்டி நிற்க முடிந்தது. ஆனால் அடுத்த பத்தாண்டிலும் நாணயக் கூடங்களை ஆண்டவை ‘ரிட்ஜ் ரேசர்’, ‘டேட்டோனா யு.எஸ்.ஏ.’ போன்ற, எளிதில் வழுக்கி எளிதில் நேராகும் கார்களே.

நாணயம் இல்லாத இடம் வீட்டுக் கணினி. அங்கே தோற்றால் காசு போகாது, நேரம் மட்டுமே போகும். பிழைவிட்டுப் பழகுவதற்கு அங்கே அவகாசம் உண்டு. பிரித்தானியாவில் ஜெப் கிறாமண்ட் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதிய ‘ரெவ்ஸ்’, சில்வர்ஸ்டோன் திடலையும் போர்மியூலா 3 காரையும் அந்தச் சின்னக் கணினியின் நினைவகத்துக்குள் கொண்டுவந்தது. அமெரிக்காவில் டேவிட் கேமரும் ஒமர் குடாரியும் தொடங்கிய பப்பைரஸ் நிறுவனம் உருவாக்கிய ‘இண்டியானாபொலிஸ் 500’ 1989இல் வெளிவந்தது. காற்றிறகின் கோணத்தையும் ரயர் அழுத்தத்தையும் மாற்றினால் காரின் குணம் மாறுவதை அது ஆடுகிறவருக்கு உணர்த்தியது. காரணத்தை மாற்றினால் விளைவு மாறும் என்ற அந்த ஒரு பண்புதான் சிமுலேசனின் உயிர்.

கிறாமண்ட் 1991இல் செய்த ‘போர்மியூலா 1 கிராண்ட் பிறி’ இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதும் விளையாட்டு. அந்த ஆண்டின் 16 பந்தயத் திடல்களும் அதில் இருந்தன என்பது பெரிய வேலைதான். ஆனால் முக்கியம் அதுவல்ல. பிறேக்கைக் கணினியே பிடிக்கட்டும், கியரைக் கணினியே மாற்றட்டும், சுழன்றால் கணினியே நேராக்கட்டும், மோதினாலும் உடையாதிருக்கட்டும், சரியான தடத்தைக் கோடிட்டுக் காட்டட்டும் என்று உதவிகளைத் தனித்தனி விசைகளாக அவர் வைத்தார். தொடங்குநர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஓடலாம். பழகப் பழக ஒவ்வொன்றாக அணைக்கலாம். ஆர்கேட்டும் சிமுலேசனும் இரண்டு சாதிகள் அல்ல, ஒரே பாதையின் இரண்டு முனைகள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அடியிலே கார் ஒன்றுதான். எந்தக் காரணங்களுக்கு நாம் பொறுப்பு, எவற்றுக்குக் கணினி பொறுப்பு என்ற பங்கீடு மட்டுமே மாறியது. இன்றைய பந்தய விளையாட்டுகளின் உதவிப் பட்டியல்கள் எல்லாம் இந்த விசைகளின் வழி வந்தவையே.

சிமுலேசன் கலை இப்படி வளர்ந்த அந்தப் பத்தாண்டு, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெரும்பாலும் கறன்ற் இல்லாத பத்தாண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. குடாநாடு தேசிய மின்வலையமைப்போடு மறுபடி இணைந்தது 2013இல். அந்தப் பத்தாண்டில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகம் இது. பெற்றோலுக்கும் தடை இருந்தது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு முடுக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் என்பதால் அவை தாக்குப்பிடித்தன. கரும்புகையோடும் தட்டல் ஓசையோடும், குறைந்த வலுவோடும் ஓடின. அந்த நாள்களில் காரோட்டிய சாரதி ஒவ்வொருவரும் இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறதென்று காதால் அறிந்தவர். இந்த விவரம் வாதத்துக்கு வெளியே நிற்பதாகத் தோன்றலாம், நிற்கவில்லை. நான் அறிந்தவரை எந்தச் சிமுலேசனும் அந்த மண்ணெண்ணெய்க் காரைக் கணக்கிட்டதில்லை. எரிபொருள் நல்லதாகவே இருக்கும், இயந்திரம் முடுக்கியதும் இயங்கும், பாதை தாராய்த்தான் இருக்கும் என்பவை திடற்பந்தயச் சிமுலேசனின் எழுதாத எடுகோள்கள். மெய்த்தன்மை என்பது எப்போதும் ஒரு தெரிவு. சில காரணங்களை ஆழமாகக் கணக்கிட்டு, வேறு சிலவற்றை அது விட்டுவிடுகிறது. ஆர்கேட் விட்டுவிடுவது மிக அதிகம். ஆனால் விட்டுவிடாதது எதுவும் இல்லை.

2002 ஏப்ரலில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்து, கணினியும் இணையக் கடையும் குடாநாட்டில் பெருகியபோது, உலகம் கால் நூற்றாண்டாகப் படிப்படியாகக் கண்ட விளையாட்டுகள் இங்கே ஒன்றாக வந்து இறங்கின. ‘ரோட் ராஷ்’, ‘நீட் ஃபோர் ஸ்பீட்’ போன்றவை தெற்காசியா முழுவதும் வீட்டுக் கணினிகளில் பரவியிருந்தன. அவற்றை ஆடியவர்களிடம் இருந்தது விசைப்பலகை. அழுத்தினால் முழுத் திருப்பம், விட்டால் நேர், இடைநிலை கிடையாது. உண்மைக் காரில் ஸ்ரியரிங்கை ஒரு விரலளவு திருப்புவதற்கும் ஒரு முழம் திருப்புவதற்கும் இடையில்தான் ஓட்டும் திறமை முழுவதும் இருக்கிறது. விசைப்பலகையை வைத்துக்கொண்டு அதை ஆட முடியாது. நாணயம் மறைந்த பிறகும் ஆர்கேட் பாணி வாழ்வதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். கைபேசியின் கண்ணாடியைத் தடவி ஆடும் இன்றைய இளைஞருக்கும் அதே நிலைதான். சிமுலேசன் ஆடுகிறவர் அறிவாளி, ஆர்கேட் ஆடுகிறவர் சிறுபிள்ளை என்ற ஏளனம், பெரும்பாலும் ஸ்ரியரிங் வாங்க வசதியுள்ளவர் வசதியில்லாதவரைப் பார்த்துச் செய்வது. அது நியாயமற்றது.

இனி ரயருக்கு வருவோம். ரப்பர் என்பதால், கார் திரும்பும்போது ரயர் நகரும் திசைக்கும் அது நோக்கும் திசைக்கும் இடையில் ஒரு சிறு கோணம் இருக்கும். அந்தக் கோணம் கூடக் கூடப் பிடிமானம் ஏறும்; ஒரு உச்சத்தைத் தொட்டபின் இறங்கத் தொடங்கும். பாரம் கூடினாலும் பிடிமானம் கூடும்; ஆனால் அதே விகிதத்தில் கூடாது. பிறேக் பிடித்தால் பாரம் முன்சக்கரங்களுக்குப் போய்ப் பின்பக்கம் இலேசாகும். காரின் நடத்தை பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்தே வருகிறது. 1987இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் பசெய்காவும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட சூத்திரம், அளந்த ரயரின் நடத்தையை ஒரு வளைகோட்டில் அடக்கிக் காட்டியது. சிமுலேசன் எழுதுகிறவர்கள் பலருக்கு அது வழிகாட்டியாயிற்று. 1997 டிசம்பரில் யப்பானில் வெளிவந்த கசுனோரி யமவுச்சியின் ‘கிரான் டுரிஸ்மோ’ இந்த அறிவை வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து, ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆனால் அதன் கார்கள் எந்த மோதலிலும் நசுங்கவில்லை. ரயரில் மெய், தகட்டில் பொய். இதையும் தெரிவு என்றே சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டு, 1998இல், பப்பைரஸ் உருவாக்கிய ‘கிராண்ட் பிறி லெஜண்ட்ஸ்’ வெளிவந்தது. 1967ஆம் ஆண்டுப் பந்தயக் கார்கள் அதன் பொருள். ஒடுங்கிய ரயர், காற்றிறகு இல்லாத உடல், பெரும் வலு கொண்ட இயந்திரம். முதல் வளைவிலேயே சுழன்று வெளியேறியவர்கள் ஏராளம். விமர்சகர்கள் போற்றினார்கள், சந்தை கைவிட்டது. சிமுலேசன் கட்சியில் ஒரு பிழையான நம்பிக்கை வேரூன்ற இந்த விளையாட்டுத்தான் காரணமாயிற்று: எவ்வளவு கடினமோ அவ்வளவு மெய். உண்மைச் சாரதிக்கு, ரயர் பிடிமானத்தை இழக்கத் தொடங்குவதை முதுகும் இடுப்பும் கண்ணுக்கு முந்தியே சொல்லிவிடும். திரைக்கு முன் இருப்பவருக்குக் கண்ணும் காதும்தான். அந்த உணர்வைப் பறித்துவிட்டு, காரை மட்டும் துல்லியமாகக் கொடுத்தால், உலகத்தில் இல்லாத ஒரு கடினம் அங்கே உண்டாகிறது. அதே டேவிட் கேமர் பின்பு நிறுவிய ‘ஐரேசிங்’ 2008இல் வெளிவந்தது. பந்தயத் திடல்களை லேசரால் அளந்து, மேடுபள்ளத்தைக்கூடச் சேர்த்தது. அப்படி அளந்த பிறகும் அதன் ரயர்க் கணக்கை அவர்கள் மீண்டும் மீண்டும் மாற்றி எழுதினார்கள். கடினமே மெய்யென்றால் திருத்த வேண்டிய தேவை வந்திருக்காது.

உடல் உணராத ஒன்றை மெய் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். இதற்குப் பதில் 2008இல் நிசானும் சோனியும் தொடங்கிய ‘ஜிரி அக்கடமி’யில் கிடைக்கிறது. ‘கிரான் டுரிஸ்மோ’வில் வேகமாக ஓடியவர்களைத் தேர்ந்து உண்மைக் காரில் ஏற்றினார்கள். முதல் வெற்றியாளர் ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோனெஸ், 2011இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் இரண்டாவதாக வந்த அணியில் ஓடினார். அதே 2011இல் அக்கடமியில் வென்ற பிரித்தானியாவின் யான் மார்டன்பரோவும் தொழில்முறைச் சாரதியானார். இதைக் கொண்டு, திரையில் ஓடியவரெல்லாம் தெருவிலும் ஓடுவார் என்று சொல்லிவிட முடியாது. பல்லாயிரம் பேரில் சிலரைத் தேர்ந்து, உடற்பயிற்சியும் பந்தயப் பயிற்சியும் கொடுத்த பிறகே அது நடந்தது. ஆனால் திரையில் கற்ற ஏதோ ஒன்று காருக்குள்ளும் செல்லுபடியானது. அது காரணம் பற்றிய அறிவு: எங்கே பிறேக், எப்போது பாரம் மாறும், எந்தத் தடத்தில் ரயர் குறைவாக உழைக்கும் என்பது. ‘அவுட் ரன்’ ஆயிரம் முறை ஆடினாலும் அந்த அறிவு வராது. ஏனென்றால் அதில் அந்தக் காரணங்கள் இல்லை. எங்களுக்குக் கிட்டிய உதாரணம் ஒன்றும் உண்டு. இந்தியாவின் புத் திடலில் முதல் போர்மியூலா 1 பந்தயம் நடந்தது 2011 ஒக்டோபர் 30இல். அதற்கு முந்திய மாதமே கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ‘எஃப்1 2011’ விளையாட்டில் அந்தத் திடல் இருந்தது. இந்தியச் சாரதி நரேன் கார்த்திகேயனாக அதில் ஓடவும் முடிந்தது. பாதையின் வடிவத்தைப் பந்தயத்துக்கு முன்பே இரசிகர் மனத்தில் பதிய வைத்தது பெரிய காரியம். ஆனால் வடிவம் தெரிவது வேறு, பிடிமானம் தெரிவது வேறு.

இவ்வளவும் சொன்னபின், குடாநாட்டுக்கே உரிய பந்தயத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் சவாரித் திடலில் இரண்டிரண்டாக ஓடும் மாட்டுவண்டிகளுக்கு ஒரு சிமுலேசன் எழுதினால், அங்கே ரயரின் இடத்தில் எது நிற்கும்? நுகம் என்பது என் விடை. வண்டியில் சக்கரம் உந்துவதில்லை. இழுவை முழுவதும் நுகத்தின் வழியே வருகிறது. சாரதி அச்சுக்கு முன்னே சாய்ந்தால் பாரம் காளைகளின் கழுத்தில் ஏறும். பின்னே சாய்ந்தால் நுகம் மேலெழும்பும். இரண்டு காளைகளும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் வண்டி கோணும். எந்தக் காளையை வலத்தில், எதை இடத்தில் பூட்டுவது என்பதிலேயே பாதிப் பந்தயம் முடிந்துவிடும். இவை எல்லாம் அளக்கக்கூடியவை. அதற்குப் பெரிய ஆய்வுகூடமும் தேவையில்லை. கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானியை வண்டியில் கட்டிவிட்டாலே தொடக்கம் கிடைக்கும்.

காளைகளை வதைக்கும் ஓட்டத்தைத் திரையிலும் வளர்க்க வேண்டுமா என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடுத்ததும், மாநிலங்களின் திருத்தச் சட்டங்களை 2023இல் ஏற்றுக்கொண்டதும் இந்தக் கவலையைச் சுற்றியே நடந்தவை. இங்கேதான் ஆர்கேட், சிமுலேசன் என்ற தெரிவுக்கு உண்மையான கனம் வருகிறது. அடித்தால் வேகம் கூடும் என்று ஒரு பொத்தானை வைத்தால், காரின் நைட்ரோவை மாட்டின் முதுகில் ஏற்றியதாகிவிடும். அது அந்த உயிரைப் பற்றிய பொய். களைப்பும் மிரட்சியும் இணையோடு உள்ள பழக்கமும் காரணங்களாகக் கணக்கில் வந்தால், அடிப்பவன் தோற்கிறான் என்பதை விளையாட்டே காட்டும். காரில் ஆர்கேட்டை நான் தயக்கமின்றி ஏற்கிறேன். மாட்டில் ஏற்கமாட்டேன்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. மென்பொருள் செய்யும் இளைஞர்களை ஒன்றுகூட்ட யாழ் ஐ.ரி. ஹப் இருக்கிறது. சவாரி வண்டி செய்யத் தெரிந்த தச்சரும், காளை பழக்கிய மூத்தோரும் இன்னும் இருக்கிறார்கள். வண்டியின் நிறை, அச்சின் இடம், நுகத்தின் நீளம், பழக்கிய காளை எவ்வளவு தூரத்தில் களைக்கும் என்பவற்றை அறிந்தவர்கள் அவற்றை அளந்து எழுதித் தாருங்கள். உங்கள் ஊர்த் திடலின் நீளத்தையும் மண்ணின் தன்மையையும் சேர்த்து எழுதுங்கள். கிடைக்கும் அளவுகளை இந்தத் தொடரிலேயே வெளியிடுவோம். செய்ய விரும்பும் மாணவர் எவரும் எடுத்துக்கொள்ளலாம்.